மிஷினில் ஆவி இல்லை

ஜூன் 11, வியாழன்

இன்றைக்கு மிஷினில் ஆவி இல்லை.

ஒவ்வொருவரும் கண்ணைக் காட்டிவிட்டு எழுந்து போனதும் நான் உள்ளே போய்த் துடைக்க வேண்டும். அவர்கள் நாடியை வைக்கும் தாங்கி, நெற்றி முட்டும் பட்டை, பிடித்துக்கொள்ளும் கைப்பிடி எல்லாவற்றையும் ஸ்பிரிட் பஞ்சால். கடைசியாக, டாக்டர் கண் வைத்துப் பார்க்கும் இரண்டு குழல்களை மெல்லிய துணியால். ஆஸ்பத்திரி மறுபடி திறந்ததிலிருந்து அந்தக் குழல்களின் கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்திருக்கும். மாஸ்க் போட்டால் மூச்சு மேலே ஏறிவிடுகிறது. என் மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். பத்து நாளாக உலகமே புகைக்குள் இருக்கிற மாதிரி நடக்கிறேன்.

இன்று மூன்று பேரைப் பார்த்து முடித்த பிறகும் குழல்கள் பளிச்சென்று இருந்தன. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். காற்றில் ஈரம் காய்ந்திருக்கும்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிவிட்டு வந்து படுத்துவிட்டாள். ரசம் வைக்க வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

இந்த டைரி ஜனவரியில் ஜெபரத்தினம் டாக்டர் கொடுத்தது, ஏதோ மருந்துக் கம்பெனியுடையது. இத்தனை நாள் சும்மா கிடந்தது. எழுதினால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று இப்போதுதான் தோன்றியது.

மார்ச்சில் மூடிய ஆஸ்பத்திரியை ஜூன் ஒன்றாம் தேதி திறந்தோம். டாக்டருக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது, சர்க்கரையும் உண்டு. வேண்டாம் என்று மதுரையிலிருக்கும் அவருடைய மகள் போனில் சண்டை போட்டார். மகளும் கண் டாக்டர்தான். "காய்ச்சக்காரன் வேற எங்கயாவது போவான். கண்ணு போறவன் கோவில்பட்டியில எங்கம்மா போவான்?" என்று டாக்டர் சொன்னது கேட் வரைக்கும் கேட்டது.

திறந்த அன்று எங்களை வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். எங்களை என்றால் என்னையும், கண்ணாடி பவர் பார்க்கிற கருத்தப்பாண்டி அண்ணனையும். நர்ஸ் மேரி அக்கா வரவில்லை, மாமியார் விடமாட்டேன் என்கிறாராம். ஏசி போடக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆனால் கண் பார்க்கும் அறை இருட்டாக இருக்க வேண்டும். அதனால் திறந்த ஜன்னலில் கறுப்புத் துணி தொங்குகிறது. காற்றடித்தால் துணி தூக்கிக்கொண்டு வெளிச்சம் உள்ளே விழும், டாக்டர் சலித்துக்கொள்வார். அறைக்குள் டாக்டரும் பார்க்க வந்தவரும் மட்டும். உள்ளே பேச்சே கூடாது, சந்தேகமெல்லாம் வெளியே வந்து கேட்க வேண்டும். மிஷினில் இருவர் முகமும் ஒரு முழத்துக்குள் இருக்கும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும் என்று கருத்தப்பாண்டி அண்ணன் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சலவைச் சோடாவில் கழுவி, வட்டமாக ஓட்டை வெட்டி மாட்டினார். "யாரு நெஞ்சுக்கூடோ தெரியல, நம்ம டாக்டரக் காப்பாத்துது" என்றார்.

எனக்குக் கேட் வேலை. துப்பாக்கி மாதிரி இருக்கிற கருவியால் நெற்றியில் காய்ச்சல் பார்க்க வேண்டும். வெயிலில் வருகிற எல்லோருக்கும் காய்ச்சல் காட்டும், மரத்தடியில் உட்கார வைத்து மறுபடி பார்ப்பேன். பிறகு இருமல் உண்டா, வெளியூரிலிருந்து வீட்டுக்கு யாரும் வந்தார்களா என்று கேட்க வேண்டும். கடைசியாக அவர்கள் மாஸ்க்கின் மேல் ஓரத்தில், மூக்குக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் மூச்சு மேலே ஏறாது. டாக்டரும் முதல் நாள் ஒட்டிக்கொண்டார். உரித்த இடத்தில் தோலும் சேர்ந்து வந்து மூக்கின் மேல் புண்ணாகிவிட்டது. சர்க்கரைப் புண், ஆறவில்லை. "நமக்கு இது வேண்டாம்மா, வந்தவங்களுக்கு ஒட்டு" என்று விட்டுவிட்டார்.

டோக்கன் எண்ணை நான் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை. கருத்தப்பாண்டி அண்ணன் உள்ளேயிருந்து சத்தமாகச் சொல்லிவிட்டு, "செம்பகத்துக்கு ஒரு மைக் செட்டு போட்டுருவோமா டாக்டர்?" என்று கேட்பார். என் பெயர் செண்பகவல்லி.

இன்றும் ஆவி இல்லை.

ஜூன் 15, திங்கள்

வெயிலுமுத்து தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும்.

கயத்தாறு பக்கம் ஆடு மேய்க்கிறவர். இடது கண் சின்ன வயதிலேயே வெடிமருந்தில் போய்விட்டது. இருக்கிற வலது கண்ணில் ஊரடங்கில் கருவேல முள் அடித்து, பஸ் இல்லாததால் வராமல், நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். போன வாரம் முதல் முறை வந்தபோது மேலோட்டமான புண் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்து வந்தபோது வெகுநேரம் பார்த்தார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு வந்து கருத்தப்பாண்டி அண்ணனிடம், "அன்னைக்கு எனக்குச் சரியாத் தெரியல பாண்டி. ஆவிக்குள்ள பாத்துட்டு அனுப்பிட்டேன். புண்ணு உள்ள இறங்கியிருக்கு. பூஞ்சை" என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

அதற்கு மறுநாள்தான் குழல்களில் ஆவி இல்லாமல் போனது.

தாத்தாவை ஒன்றுவிட்டு ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார். இன்று மகன் பைக்கில் கூட்டி வந்தார். மகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"வெளியூர்லருந்து வீட்டுக்கு யாரும் வந்தாங்களா தாத்தா?"

"எங்க வீட்டுக்கு யாரு பிள்ள வரப் போறா? ஆட்டுப் புழுக்கையும் நானுந்தான்."

பைக் நம்பர் மெட்ராஸ் நம்பராக இருந்தது. பழைய வண்டியை வாங்கி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிளாஸ்டர் ஒட்டும்போது அவர் தலையை என் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையா ஒரு நெழலு தெரியுது. நீதானா அது? இந்தக் கண்ணும் போச்சுன்னா ஆட்டுக்குப் பின்னால நான் போக முடியாது தாயி, ஆடுதான் என்னயப் பத்திக்கிட்டுப் போவணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஜூன் 17, புதன்

பார்த்துவிட்டேன்.

மரத்தடியில் நின்றிருந்தேன். காற்றடித்து ஜன்னல் துணி தூக்கியது. டாக்டர் மிஷினில் கண் வைத்திருந்தார். மாஸ்க் நாடிக்குக் கீழே கிடந்தது. எதிரில் தாத்தா. துணி கீழே விழுந்துவிட்டது.

நடுவில் எக்ஸ்ரே தடுப்பு இருக்கிறது. தாத்தாவின் மாஸ்க்கில் நான் ஒட்டிய பிளாஸ்டர் இருக்கிறது.

தாத்தாவின் கண் புண் ஓரத்தில் சுருங்க ஆரம்பித்திருக்கிறதாம். டாக்டர் வெளியே வந்தபோது மாஸ்க் சரியாக இருந்தது. சந்தோஷமாக இருந்தார். என்னிடம், "சாப்டியாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஜூன் 18, வியாழன்

ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் போர்டு தெரியாது. போர்டில் ஏதோ எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுவேன். பரீட்சையிலும் அவளைப் பார்த்து எழுதுகிறேன் என்று சார் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து போகவில்லை. அம்மாவுடன் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே கேம்ப் நடத்த வந்த ஜெபரத்தினம் டாக்டர்தான் என் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார். எதிர்ச் சுவரில் பல்லி இருந்தது தெரிந்தது. "மைனஸ் ஆறு! ஏம்மா இவ்வளவு நாளா யார்ட்டயும் சொல்லல?" என்றார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை. குடத்தில் தண்ணீர் பிடித்தாயிற்று. அம்மாவுக்குக் கபசுரக் குடிநீர் காய்ச்ச வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று போனேன். கடைசி ஆள் போன பிறகு கதவருகே நின்றேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"டாக்டர்..."

அவர் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

"ஸ்பிரிட் தீந்து போச்சு டாக்டர்."

"நேத்துத்தான வாங்குனோம்? குடிச்சியா என்ன?" என்று சிரித்தார். சிரித்தபோது மாஸ்க் இறங்கி மூக்குப் புண் தெரிந்தது. புதிதாக உரிந்திருந்தது. மறுபடி ஒட்டிப் பார்த்திருப்பார் போல.

அரை பாட்டில் ஸ்பிரிட் இருந்தது. அதை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

எப்படிச் சொல்ல முடியும்? ஒட்டினால் தோல் உரிகிறது. ஒட்டாவிட்டால் ஆவி. ஆவி இருந்தால் தாத்தாவின் கண் தெரியாது. நான் சொல்லி, அவர் மாஸ்க்கை ஏற்றி, புண்ணைச் சரியாகப் பார்க்காமல் விட்டால் அந்தக் கண் என் கணக்கில்தானே வரும்.

ஜூன் 21, ஞாயிறு

சூரிய கிரகணம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தால் கொடுக்கா, சூரியனைப் பார்க்கணும் என்று கேட்டார்கள். அதில் பார்த்தால் கண் வெந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.

ஜூன் 22, திங்கள்

தாத்தா தானாகவே கேட்டைத் தேடித் திறந்து வந்தார். கூட வந்த மகன் இருமினார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான்.

டாக்டர் இன்று தண்ணீர் நிறையக் குடித்தார்.

ஜூன் 24, புதன்

டாக்டருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி இல்லை. வந்தவர்களைக் கருத்தப்பாண்டி அண்ணன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். தாத்தாவிடம் மட்டும் டாக்டர் போனிலேயே பேசினார். சொட்டு மருந்தை நிறுத்தாதே, பகலெல்லாம் மணிக்கு ஒரு தரம் போடு, பூவைப் பிழியாதே என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அண்ணன் போனைத் தாத்தாவின் காதுக்கு எட்ட நீட்டிக்கொண்டிருந்தார். "அய்யா சொன்னா சரிதான் அய்யா, ஒங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று தாத்தா போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஜூன் 27, சனி

டாக்டருக்குத் தொற்று. திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் மூக்கிலும் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள். தெரு முனையில் தகரம் அடித்துவிட்டார்கள். அடுத்த தெரு அத்தை தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "கண்ணாஸ்பத்திரிக்குப் போயி கொரோனாவ வாங்கிட்டு வந்திருக்கா, வாயில்லாத பூச்சின்னு நெனச்சோம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அம்மாவைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 29, திங்கள்

சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்று கேட்டார். யார் யார் வந்தார்கள், யாருக்கு இருமல் இருந்தது. கயத்தாறு பக்கம் ஒரு வீட்டில் மகன் மெட்ராஸிலிருந்து பைக்கோடு லாரியில் ஏறி வந்திருக்கிறானாம், அவனுக்கும் வந்திருக்கிறதாம், அப்பன் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவராம். அப்பனுக்கு இல்லையாம்.

"கேட்ல நீதான கேட்ட? சொல்லலையா அவுக?"

"யாரும் வரலன்னாங்க சார்."

"பொய் சொல்லியிருக்காரு பெரியவரு. டாக்டரு எப்பமும் மாஸ்க் போட்டிருந்தாரா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா, எழுதணும்ல."

"போட்டிருந்தாரு சார்."

ஜூலை 1, புதன்

எனக்கும் அம்மாவுக்கும் கருத்தப்பாண்டி அண்ணனுக்கும் தொற்று இல்லை என்று வந்துவிட்டது. தகரத்தை எடுக்கவில்லை. பஸ்ஸை மறுபடி நிறுத்திவிட்டார்கள். கத்தரிக்காய் மட்டும் தெருவுக்கு வந்தது.

ஜூலை 5, ஞாயிறு

அண்ணன் போன் செய்தார். டாக்டருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்களாம். பேசும்போது அண்ணன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

ஜூலை 9, வியாழன்

டாக்டர் காலையில் இறந்துவிட்டார்.

ஜூலை 10, வெள்ளி

கல்லறைத் தோட்டத்துக்கு யாரையும் விடவில்லை. அண்ணன் மட்டும் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறார். நீல உடுப்பு போட்ட நாலு பேர் இறக்கினார்களாம். மகள் தள்ளி நின்றாராம். ஜெபம் செய்தவரின் குரல் மாஸ்க்குக்குள் எதுவும் புரியவில்லையாம்.

அரிசி களைந்தேன். கல் பொறுக்கினேன். எல்லாம் நன்றாகத் தெரிகிறது இந்தக் கண்ணாடியில்.

ஜூலை 23, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆஸ்பத்திரியை மறுபடி திறந்தோம். டாக்டரின் மகள் பெனிட்டா மேடம் மதுரை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அப்பா இருந்தபோது எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றார். அதே மரத்தடி, அதே கேள்விகள். கறுப்புத் துணியை மட்டும் துவைத்துப் போட்டேன். எக்ஸ்ரே தடுப்பில் தூசி படிந்திருந்தது. அண்ணன் அதைக் கழற்றி வெகுநேரம் கழுவினார்.

அலமாரிக்குப் பின்னால் அந்த அரை பாட்டில் ஸ்பிரிட் அப்படியே இருந்தது. அதிலிருந்துதான் இன்று துடைத்தேன்.

மேடத்துக்குக் கோபம் சட்டென்று வருகிறது. யாராவது பெரிய டாக்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அடுத்த டோக்கன்" என்று வெட்டிவிடுகிறார். வெளியே கேட்கிற மாதிரி நான் கூப்பிடாததற்கு இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

குழல்களில் ஆவி இருந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 19, புதன்

தாத்தா வந்தார். தனியாக, பஸ் இல்லாததால் யாரோ ஒருவருடைய டிராக்டரில் ஏறி. பையில் கருப்பட்டி. கேட்டுக்கு வெளியிலேயே நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ கண்ணாடி போட்ட பிள்ளயா? குரல வச்சு வயசான பொம்பளன்னுல்ல நெனச்சேன்! வெளக்குமாத்துக் குச்சி கணக்கா இருக்கியே. அய்யா எங்க, ஆபரேஷன்ல இருக்காகளா?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை. கயத்தாறுக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

கருத்தப்பாண்டி அண்ணன்தான் வந்து சொன்னார். தாத்தா மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தார். பையைத் தரையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எம் மவன் வந்தத நான் சொல்லியிருக்கணும்" என்றார். "சொன்னா உள்ள விடமாட்டீகன்னு பயந்துட்டேன். ஒத்தக் கண்ணு பாத்தியா." பிறகு என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கிக் கேட்ட. நாந்தான் இல்லன்னேன். ஒன்மேல ஒண்ணுமில்ல தாயி" என்றார்.

மேடம் அவரை உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். தழும்பு ஓரமாக நிற்கிறது, நடுப்பார்வைக்குப் பாதகமில்லை என்றார். வெளியே வந்த தாத்தா கருப்பட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கேட்டின் தாழ்ப்பாளைத் தடவாமல், நேராகக் கை வைத்துத் திறந்தார்.

அவர் போன பிறகு துடைக்கப் போனபோது மேடம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

முதல் மூன்று டோக்கன்களுக்கு ஆவி இருந்தது. நான்காவது, எட்டயபுரத்திலிருந்து வந்த பெண். சோளத்தட்டை அடித்துக் கண்ணில் புண். தாத்தாவுக்கு வந்த மாதிரியே. வெகுநேரம் உள்ளே இருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு, சொட்டு விட்டு மறுபடி பார்க்கணும் என்றார் மேடம்.

துடைக்கப் போனேன். குழல்கள் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

துணியை வைத்துத் தேய்த்தேன், சுத்தமாக இருந்ததையே. காற்று அடிக்கவில்லை. ஜன்னல் துணி அசையவில்லை. மேடத்தின் மாஸ்க் மூக்குக்குக் கீழே இருந்தது. மேல் உதட்டில் வியர்வை.

"முடிஞ்சுதா? அந்தம்மாவ வரச் சொல்லு" என்றார்.

நான் போகவில்லை.

"என்ன செண்பகம்?"

என் பையில் பிளாஸ்டர் உருளை இருந்தது. எடுத்தேன். முதல் துண்டு மடங்கி ஒட்டிக்கொண்டது. இரண்டாவதைக் கிழித்தேன்.

"பெரிய டாக்டரும் இப்பிடித்தான் மேடம்" என்றேன். சத்தம் எவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "மாஸ்க்க எறக்கிட்டுத்தான் பாத்தாரு. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

மேடம் எழுந்திருக்கவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"போட்டா எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "ஆவி அடிக்குது. அந்தப் பொண்ணு கண்ணு போயிரும் செண்பகம்."

"அடிச்சா நான் தொடைக்கேன் மேடம். எத்தன தடவ அடிச்சாலும் தொடைக்கேன். தொடைக்கும்போது நீங்க கொழல்லருந்து கண்ண மட்டும் எடுத்துக்கிடுங்க."

பக்கத்தில் போய் மாஸ்க்கை அவர் மூக்குக்கு மேலே இழுத்துவிட்டேன். பிளாஸ்டரைக் குறுக்கே வைத்து, இரண்டு ஓரமும் அழுத்தி ஒட்டினேன். பிறகு கதவைத் திறந்து எட்டயபுரத்துப் பெண்ணை வெளியே கேட்கும்படி கூப்பிட்டு, உள்ளே வந்து துணியை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் நின்றேன்.